மழையை விரட்டிய குடைகள்

மதினி,

இன்று காலை அருப்புக்கோட்டைக்குக் கிளம்பும்போது உன் குடையை ஆணியிலிருந்து எடுத்தேன். ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு எடுத்துப் போவதுதான் என் வழக்கம். விரித்ததும் பாச்சை உருண்டை வாசம் குப்பென்று வந்தது. மழையில் நனைந்தும் வெயிலில் காய்ந்தும் அந்த வாசம் போகமாட்டேன் என்கிறது. உன் கல்யாணத்துக்கு உன் அண்ணன் சீரோடு சேர்த்து வாங்கிக் கொடுத்த குடை. நீ அதைப் பட்டுச் சேலைக்கு மேலே பீரோவில் வைத்திருந்தாய். கேட்டால், நம்ம ஊரில் பட்டும் குடையும் ஒன்றுதான், எப்போதாவது ஒருநாள் வெளியே வந்தால் அதிசயம் என்பாய்.

வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தேன். பொட்டு மேகம் இல்லை. குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். நடக்க நடக்க உன்னிடம் பேச்சு தொடங்கிவிட்டது. பாதியைப் பஸ்ஸிலேயே பேசிவிட்டேன். மீதியை இப்போது, மதியச் சமையல் முடித்து, எழுதுகிறேன்.

நீ நரிக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். நான் எம்.ரெட்டியபட்டி. ஒரே ஊருக்கு, ஒரே தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தோம். உன் வீட்டுக்காரர் என் அம்மா வழியில் எனக்கு அண்ணன் முறை. அதனால் நீ எனக்கு மதினி, நான் உனக்கு மதினி. கேலி பேசும் உரிமை இரண்டு பக்கமும் இருந்தது. அதை நாம் இருவரும் குறைவில்லாமல் பயன்படுத்தினோம்.

நீ ஆசிரியர் பயிற்சி முடித்தவள். வேலை வரும் வரும் என்று காத்திருந்து, வராது என்று தெரிந்தபிறகு, காளியம்மன் கோவிலுக்கு எதிரே இருக்கும் நாடக மேடையில் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாய். நான் அஞ்சாவதோடு நின்றவள். கோவிலில் விற்கும் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பஸ் போர்டு, சாமான் கட்டிவந்த காகிதம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டி நானாகப் படித்துத் தேறினேன். ஒருநாள் நீ உறை மோர் கேட்டு வந்தபோது நான் வீட்டுச் செலவு எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு செலவுக்கும் எதிரில் அது எதற்கு என்று எழுதுவது என் பழக்கம். கற்பூரம், வெள்ளிக்கிழமைக்கு. வேப்பெண்ணெய், ஆட்டுப் புண்ணுக்கு. நீ என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாய்.

"மதினி, நான் சொல்லித் தார பாடத்துல பாதி ஒங்கிட்டயே இருக்கு. எதுக்குன்னு எழுதுற. எதனாலன்னு மட்டும் எழுதல. சாயங்காலம் மேடைக்கு வா, மீதிப் பாதிய நான் தாரேன்."

ஆட்டுப் புண்ணுக்கு என்று எழுதியிருக்கிறேனே, வேறென்ன வேண்டும் என்று கேட்டேன். புண் எதனால் வந்தது என்று கேட்டாய். வேலி முள் கிழித்தது என்றேன். அப்படியென்றால் வேலியைப் பார்க்காமல் எண்ணெய் வாங்கிக்கொண்டே இருப்பியா என்றாய். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் வேலியைக் கட்டினார். நான் மேடைக்கு வந்தேன்.

பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு முதல் நாள் அசந்துபோனேன். கடகடவென்று வாசித்தார்கள். ஆனால் வாசித்து முடித்ததும் அதில் என்ன நடந்தது, எதனால் நடந்தது என்று கேட்டால் கூட்டமாக முழித்தார்கள். எனக்கு அது புதிதில்லை. சாமி பாட்டையெல்லாம் நானும் அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பானைப் பாடம் நினைவிருக்கிறதா? பூனை தாவியது, பானை உடைந்தது, தண்ணீர் கொட்டியது. அவ்வளவுதான் கதை. நீ சிரித்த முகத்தோடு, பானை ஏன் உடைந்தது என்று கேட்டாய். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் ரெண்டாம் வகுப்பு முனீஸ் எழுந்து கையைக் கட்டிக்கொண்டான்.

"நான் ஒடைக்கல டீச்சர்."

பக்கத்திலிருந்த பேச்சியம்மாள், மூன்றாம் வகுப்பு, எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள், சும்மா இருப்பாளா? "பொய் டீச்சர். மத்தியானம் பள்ளிக்கூடத்துல தண்ணிப் பானைகிட்ட இவன்தான் நின்னான்" என்றாள். முனீஸ் அழத் தொடங்கிவிட்டான். கதையில் இருந்த பூனையை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீயும் சிரித்தாய், ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது யோசனையாக வந்தாய். நம்ம ஊரில் 'ஏன்' என்பதைக் கேள்வியாக யாருமே கேட்பதில்லை, கவனித்தாயா என்றாய். ஏன் லேட்டு, ஏன் சிந்தினாய், ஏன் எனக்குப் பிள்ளையாகப் பிறந்தாய். "ஏன்னு கேட்டாலே இதுக அடி வாங்குறதுக்கு முதுகக் காமிக்குதுக மதினி. அதுக்கு மேல எங்க கதைய யோசிக்கிறது?" மறுநாளிலிருந்து மேடையில் 'ஏன்' கிடையாது. 'எதனால' மட்டும்தான். நான் வாய் தவறி 'ஏன்' என்றால் பிள்ளைகளே என்னைத் தோப்புக்கரணம் போடச் சொன்னார்கள். போட்டேன். இடுப்புக்கும் அது நல்லதாகத்தான் இருந்தது.

பிறகு நீ அந்த நடையைக் கண்டுபிடித்தாய். மேடையில் கோலமாவால் கட்டம் கட்டமாக வரையச் சொன்னாய். அது என் வேலை. ஒரு கட்டத்துக்கு ஒரு நடப்பு. முன்னால் காலை எடுத்து வைத்தால் 'அதனால' என்று சொல்லவேண்டும். பின்னால் வைத்தால் 'எதனால' என்று கேட்கவேண்டும். பூனை தாவியது, அதனால பானை உடைந்தது, அதனால தண்ணீர் கொட்டியது. அப்படியே திரும்பாமல் பின்னால் நடந்து, தண்ணீர் எதனால கொட்டியது, பானை எதனால உடைந்தது. நடந்து பார்த்த பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. கூடவே எனக்கும்.

முனீஸ்தான் ஆர்வத்தில் பின்னால் நடந்து மேடையைவிட்டே விழுந்தான். மணல் கிடந்ததால் முழங்கை மட்டும் சிராய்த்தது. அவன் அம்மா வந்து இடுப்பில் கைவைத்து நின்றபோது பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பாடம் ஒப்பித்தார்கள். முனீஸ் விழுந்தான். எதனால? பின்னால் பார்க்கவில்லை. எதனால? டீச்சர் திரும்பாமல் நடக்கச் சொன்னார்கள். நீ அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டு, பிள்ளைகள் சரியாகத்தான் சொல்கிறார்கள், பாடம் பலித்துவிட்டது என்றாய். அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நமக்குள் வந்த ஒரே சண்டையும் அந்தக் கட்டத்தில்தான். மழை எதனால் வருகிறது என்று நீ மேகம்வரை கொண்டுபோய் நிறுத்தியிருந்தாய். எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லாம் காளியம்மா செயல் என்று நான் சொல்லிவைத்தேன். மறுநாள் பூனை எதனால தாவியது என்று கேட்டால் காளியம்மா. பானை எதனால உடைந்தது, காளியம்மா. வீட்டுப்பாடம் எதனால எழுதவில்லை, அதற்கும் காளியம்மா. பிள்ளைகள் போனபிறகு, தனியாக இருந்தபோது நீ சொன்னாய்.

"சாமிய மொதப் படியிலயே உக்கார வச்சுட்டா பிள்ளைக நடக்க எடம் இல்ல மதினி. கடைசிப் படியில உக்கார வை. இதுக ஒவ்வொரு படியா நடந்து போயிக் கும்பிடட்டும்."

எனக்குக் கோபம். மறுநாள் உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. சாயங்காலம் விளக்கேற்றும்போது காளியம்மாவிடமே கேட்டேன். அவள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நடந்து போய்க் கும்பிடுவதுதானே நமக்கும் வழக்கம் என்று தோன்றியது. அதற்கடுத்த நாள் கோலமாவோடு மேடைக்கு வந்தேன். நீ ஒன்றும் நடக்காததுபோலக் கட்டம் கோணலாக இருக்கிறது என்று குறை சொன்னாய்.

அது புரட்டாசி முடியும் சமயம். ஊரே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மக்காச்சோளமும் பருத்தியும் மண்ணுக்குள் கிடந்தன. மழை வந்தால் முளைப்பு, வராவிட்டால் விதை எறும்புக்கு. அந்த நேரத்தில் போய் நீ ஒரு குடைக் கதை எழுதிவந்தாய். வள்ளி குடையை மறந்தாள். மழை பெய்தது. வள்ளி நனைந்தாள். வள்ளி எதனால நனைந்தாள் என்று கேட்டதற்கு எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். உனக்கு ஆசை விடவில்லை. மழை எதனால பெய்தது என்று கேட்டாய். கதையில் அதற்குப் பதில் இல்லை, இல்லை என்று சொல்கிறார்களா பார்க்கலாம் என்பது உன் எண்ணம்.

பேச்சியம்மாள் எழுந்தாள். "வள்ளி குடைய மறந்ததால."

குடையை மறந்தால் மழை எப்படி வரும் என்று நீ கேட்டாய். அவள் உன்னைப் பாவமாகப் பார்த்தாள். "எங்கய்யா குடைய எடுத்துட்டுப் போனா மழை வராது டீச்சர். வச்சுட்டுப் போனா வரும். ஊருல யாரை வேணாலும் கேளுங்க."

ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளைகள் அத்தனை பேரும் பேச்சி பக்கம் சேர்ந்துவிட்டார்கள். ஒன்றுக்கு அப்புறம் இன்னொன்று வந்தால் அதனால்தான் வந்தது என்று ஆகிவிடுமா, அது இல்லாவிட்டால் இது நடந்திருக்காதா என்று பார்க்கவேண்டாமா என்றாய். வாயால் சொன்னால் ஏறவில்லை. சரி, நாளையிலிருந்து எல்லோரும் குடை கொண்டுவாருங்கள், மழை வருகிறவரை தினமும் கொண்டுவாருங்கள், குடை இருந்தும் மழை வருகிறதா பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டாய்.

மறுநாள் சாயங்காலம் தெருவில் வந்த ஊர்வலத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தாத்தாவின் கறுப்புக் குடையை இரண்டுபேர் தூக்கிவந்தார்கள். ஒன்றுக்குக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றில் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கொடுத்த சின்னம் இருந்தது. குடை இல்லாத முனீஸ் உரச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுத் தலையில் மாட்டிவந்தான். நீ பீரோவைத் திறந்து இந்தக் குடையை எடுத்துவந்தாய். சுள்ளென்று அடித்த வெயிலில் மேடை முழுக்கக் குடை.

மழை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மேகம் கூடும், பிள்ளைகள் குடையோடு வருவார்கள், மேகம் கலைந்துவிடும். பேச்சி இடுப்பில் கைவைத்து உன்னைப் பார்ப்பாள். ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. என் வீட்டுக்காரரே சாப்பிடும்போது, மக்காச்சோளம் போட்டிருக்கிறேன் என்பது உனக்கு நினைப்பிருக்கிறதா என்று கேட்டார். கடைசியில் மேலத்தெரு ராமையா மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா டீச்சரு, பாடம் நடத்துறியா, மழைய வெரட்டுறியா? பிள்ளைகளக் குடையோட அலைய விட்டா வார மழையும் பக்கத்து ஊரு பரளச்சியோட திரும்பிப் போகாதா?"

நீ எழுந்து நின்றாய். மாமாவுக்கு மரியாதையாகத்தான் பதில் சொன்னாய். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாய். அவர், விதை பொறுக்காது தாயி என்றார். அவர் போனபிறகு, போதும் மதினி, பிள்ளைகளையே அனுப்பமாட்டோம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், குடையை விட்டுவிடலாம் என்று நானும் சொன்னேன். நீ என்னை உட்காரவைத்துச் சொன்னாய்.

"இப்ப குடைய வச்சுட்டு வாங்கன்னு நான் சொல்லி, நாளைக்கே மழை வந்துருச்சுன்னு வையி. இந்தப் பிள்ளைக சாகுற வரைக்கும் என்ன படிச்சிருக்கும்?"

ஐப்பசி பிறந்து ஒரு சாயங்காலம் அது வந்தது. கிழக்கே கறுத்தது, காற்று மாறியது, கோலமாவெல்லாம் பறந்தது. பெரிய பெரிய துளியாக மேடையில் விழுந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கையில் குடை. தலையில் மழை. முனீஸ்தான் முதலில் கத்தினான், "டீச்சர், குடையோடயே பெய்யுது." ஒருவரும் குடையை விரிக்கவில்லை. மடக்கிய குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். நீயும் ஆடினாய். மூச்சு வாங்க நீ இரண்டு தடவை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு மட்டும்தான் தெரியும். கோவில் வாசலில் ராமையா மாமா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். உன்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, சரிதாம்மா, ஒன் குடைக்குப் பயப்படாத மழை என்று சிரித்தார்.

வீட்டுக்குப் போகும்போதுதான் பேச்சியிடம் குடை இல்லை என்று பார்த்தாய். எங்கே என்று கேட்டதற்கு அவள் கால்விரலால் சேற்றைக் கிண்டிக்கொண்டு நின்றாள். உன் குடையை அவளிடம் விரித்துக் கொடுத்துவிட்டு, நீ என் முந்தானையில் பாதியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாய். நனைவதற்கு நம் இருவரிடமும் அதற்குமேல் ஒன்றும் மிச்சமில்லை.

உன் நெஞ்சைப் பற்றி ஊரில் எனக்கும் உன் வீட்டாருக்கும் மட்டும்தான் தெரியும். மதுரைக்குப் பரிசோதனைக்கு நான்தான் கூட வருவேன். பிறவியிலேயே இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை என்று டாக்டர் கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். நான் வேண்டுதல் போடும்போதெல்லாம், போடு மதினி, மாத்திரையையும் எடுத்து வை என்பாய். மாசியில் ஒருநாள் விடியற்காலையில் ஆள் வந்து கூப்பிட்டார்கள். ஓடிவந்தேன். மதுரைக்குப் போகும் வழியிலேயே என் மடியில் நீ போய்விட்டாய். என் வீட்டுக்குத் திரும்பிவந்து பார்த்தால் சாமி விளக்கு அணைந்திருந்தது. அது என் மனசில் ஒரு முள்ளாகத் தைத்துவிட்டது. விளக்கு அணைந்தது, அதனால்தான் என்று.

பங்குனியில் பிள்ளைகள் தாங்களாகவே மேடையில் வந்து உட்கார்ந்தார்கள். முனீஸ் என் வீட்டுக்கே வந்து கோலமாவு இருக்கிறதா அத்தை என்று கேட்டான். அஞ்சாவது படித்தவள் என்ன சொல்லிக்கொடுப்பது என்று தயங்கினேன். அப்புறம் போனேன். எல்லாரும் வந்தார்கள், பேச்சியைத் தவிர. அவள் அம்மாவிடம் கேட்டேன். அது பள்ளிக்கூடம் போகிறது, வருகிறது, பேச்சுதான் இல்லை என்றார். அப்புறம் அவர் சொன்னது எனக்கு என்னவோபோல் இருந்தது. வானத்தில் மேகம் போட்டால் பிள்ளை ஒரு குடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறதாம். மேகம் கலைகிறவரை நிற்கிறதாம்.

சித்திரையில் கோடை மழைக்கு மேகம் கூடிய ஒரு மத்தியானம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். பேச்சி வாசலில் நின்றாள். கையில் அன்று நீ கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமலே போன உன் குடை, இறுக்கி மடித்தது. எதற்கு இப்படி நிற்கிறாய் என்று கேட்டேன்.

"மழை வராம இருக்க."

வந்தால் என்ன என்றேன். அவள் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. பிறகு வரிசையாகச் சொன்னாள், நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே. அன்றைக்குக் குடையை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அவள் அய்யா விதைத்த சோளம் காய்ந்துபோகும் என்று. அதனால மழை வந்தது. அதனால டீச்சர் நனைந்தார்கள். அதனால செத்துப் போனார்கள்.

மதினி, டீச்சரைச் சாமி கூப்பிட்டுக்கொண்டது என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொன்னால் அந்தப் பிள்ளை அடுத்து என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும். சாமி ஏன் கூப்பிட்டது, நான் செய்ததற்காகவா என்று கேட்கும். முதல் படியிலேயே உட்காரவைத்தால் அவளுக்கு நடக்க இடம் இருக்காது. நான் குனிந்து வாசல் மண்ணில் விரலால் கட்டம் போட்டேன்.

"வா பேச்சி. ரெண்டு பேரும் நடப்போம்."

மழை என்ற கட்டத்தில் அவளை நிறுத்தினேன். அன்று நரிக்குடியில் மழை பெய்ததா என்று கேட்டேன். பெய்தது, எங்கள் மாமா அங்கிருந்து நனைந்துகொண்டேதான் வந்தார் என்றாள்.

"அங்க குடைய வச்சுட்டுப் போனது யாரு?"

அவள் காலடியில் இருந்த கட்டத்தைக் குனிந்து பார்த்தாள். "நான் நரிக்குடிக்குப் போனதே இல்லையே அத்த."

"பரளச்சியில பெஞ்சுச்சா?"

"பெஞ்சுச்சு."

"அங்க?"

உதட்டோரம் லேசாகச் சுழித்தது. "அங்கயும் நான் போகல." சொல்லிவிட்டு, மழை பெய்த ஊர் ஒவ்வொன்றாக அவளே சொல்ல ஆரம்பித்தாள். திருச்சுழி, அங்கேயும் போகவில்லை. அருப்புக்கோட்டை, துணி எடுக்கப் போனதோடு சரி. சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக இரண்டுபேரும் தெருவில் நின்றோம். டீச்சர் உனக்குக் குடை கொடுத்தபோதே நனைந்திருந்தார்களா என்று நான் கேட்கவேண்டிய தேவையே வரவில்லை. அவளே, டீச்சர் ஆடும்போதே நனைஞ்சுட்டாக, குடையக் குடுத்தது அப்புறம் என்றாள். அப்புறம், அவ்வளவுதான்.

அப்புறம் என்ற சொல் அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்த வாசலில் நின்றபோதே என் விளக்கும் எனக்கு விளங்கியது. அன்று விடியற்காலை எண்ணெய் ஊற்றாமல் உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். அதனால் விளக்கு அணைந்தது. நான் பின்னால் வைக்கவேண்டிய காலை முன்னால் வைத்திருக்கிறேன்.

பேச்சி விடவில்லை. அப்படியென்றால் டீச்சர் எதனால என்று கேட்டாள். நெஞ்சுக்குள் ரத்தம் போய் வரக் கதவு மாதிரி ஒன்று உண்டு, அது டீச்சருக்குச் சரியாக மூடாது என்றேன். எதனால மூடாது? பிறந்ததிலிருந்தே அப்படி. அது எதனால? கட்டம் முடிந்துவிட்டது. எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியவில்லை, அந்தக் கடைசிப் படியில் சாமி உட்கார்ந்திருக்கிறது என்றேன்.

"நீங்க கேட்டீகளா அத்த?"

"தெனமும் கேக்குறேன்."

"எப்படிக் கேக்குறீக?"

"ஏன் இப்படிப் பண்ணுனன்னு கேக்குறேன்."

அவள் தலையை ஆட்டினாள். அப்படியே நீ ஆட்டுவதுபோல.

"ஏன்னு கேட்டா சாமி பயந்துரும் அத்த. எதனாலன்னு கேளுங்க."

அன்று கோடை மழை வந்தது. நாங்கள் வாசலிலேயே நின்று நனைந்தோம். குடையை அவள் என் கையில் கொடுத்துவிட்டாள். மறுநாள் மேடைக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து, நான் போட்ட கட்டம் கோணல் என்று குறை சொன்னாள். காளியம்மாவிடம் நான் இப்போது மெதுவாகத்தான் கேட்கிறேன், மதினி. அவள் இன்னும் சொல்லவில்லை. ஆனால் முன்புபோல முகத்தைத் திருப்பிக்கொள்வதாகத் தோன்றவில்லை.

இன்று காலைக் கதையை முடிக்கவில்லையே. பஸ்ஸில் ராமையா மாமா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். என் மடியிலிருந்த குடையைப் பார்த்தார், ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார், மறுபடியும் குடையைப் பார்த்தார். அவர் கொல்லையில் இந்த வருஷம் பருத்தி.

"வானத்துல ஒண்ணையும் காணோம். எதுக்குத் தாயி குடை?"

"எதுக்குன்னு கேக்காதீக மாமா" என்றேன். "எதனாலன்னு கேளுங்க."

அவர் கேட்டார். அருப்புக்கோட்டை வரும்வரை நான் உன்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.